பத்துக் கிலோ கணக்கு!

"வெளியே மூணே மூணு தையல்தான். ஆனா மூணு வாரத்துக்கு அந்தக் கால் உங்களுக்கு இல்லைன்னே வெச்சுக்குங்க" என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனூண்டு துளைக்கு இவ்வளவு கட்டுப்பாடா?

எனக்கு நடந்தது இடுப்பு மூட்டில் ஆர்த்ராஸ்கோபி. தொடை எலும்பின் பந்து, கிண்ணம் போன்ற குழிக்குள் சுழல்கிறதல்லவா? அந்தக் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள வளையம் எனக்குக் கிழிந்திருந்தது. துளை வழியே காமிராவை விட்டு அதைத் தைத்து, உராய்ந்த எலும்பையும் சீவி விட்டார்கள். தைத்தது ஒட்டவேண்டும், சீவிய எலும்பு பலப்படவேண்டும். அதற்குள் முழுப் பாரமும் ஏறினால் தையல் விட்டுப்போகலாம். அபூர்வமாக எலும்பே முறியலாம். அதனால் இரண்டு ஊன்றுகோல். அந்தக் காலில் பத்துக் கிலோவுக்கு மேல் பாரம் கூடாது.

பத்துக் கிலோ என்று காலுக்கு எப்படித் தெரியும்? பிசியோதெரபிஸ்ட் பெண் எடை மெஷினைக் கொண்டுவந்தாள். நல்ல காலை அதே உயரப் பலகையில் ஊன்றி, மறு காலை மெஷினில் மெல்ல அழுத்தினேன். முள் பத்தைத் தொட்டதும், "அக்கா, இந்த அழுத்தம் ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். காலைத் தூக்கியபடியே நடக்கலாமே என்றால், அதுவும் கூடாதாம். இடுப்பின் முன்தசை வலிக்குமாம். பாதம் தரையில் படவேண்டும். பாரம் கைகளில் இறங்கவேண்டும்.

ஐந்தாம் நாள் சோதனை வந்தது. தூளியில் கிடந்த ஒன்றரை வயசுப் பிள்ளை வீலென்று அலறினான். பெற்ற மனம் கேட்குமா? ஊன்றுகோலை மறந்து ஓரடி வைத்தேன். சுருக்கென்றது! "ஏம்மா, நான் தூக்கமாட்டேனா?" என்று அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். டாக்டர் பரிசோதித்து, "இந்தத் தடவை தப்பிச்சீங்க" என்றபோதுதான் உயிர் வந்தது. அப்புறம் பிள்ளை என்னிடம் வரவில்லையா? வந்தான், கட்டிலுக்கு, அத்தை கொண்டுவந்து பக்கத்தில் விடுவார்.

சகோதரிகளே, நான் கற்றது இது: ஊன்றுகோலில் அக்குளைச் சாய்க்காதீர்கள். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் காலும் முதலில். மணை, சம்மணம், குந்துதல் வேண்டாம். ஈரத் தரை ஜாக்கிரதை. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே டாக்டரிடம் போங்கள். எல்லாருக்கும் மூன்று வாரமல்ல. சிலவகைச் சிகிச்சைக்கு ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு.

மூன்றாம் மாதம், டாக்டர் சம்மதித்த பிறகே பிள்ளையைத் தூக்கினேன். அவன் மட்டுமே பதினோரு கிலோ!