அடுப்படி மருந்தும் அளவுக் குறிப்பும்

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வரும் பயணிகள் நம் வாசலூர்பட்டியில் படகேறி மகிழ்கின்றனர். சோளக்காட்டுச் சந்தையில் மிளகும், பலாவும், அன்னாசியும் வாங்குகின்றனர். குளிருக்கு இதமாக முடவாட்டுக்கால் கிழங்குச் சாற்றையும் ஒரு குவளை பருகிச் செல்கின்றனர். ஆனால் அவர்கள் விலை கொடுத்து வாங்க இயலாத செல்வம் ஒன்றும் இம்மலையில் உண்டு. அதுவே நம் வீட்டு மூதாட்டியரின் கைப்பக்குவம். அது எழுதப்படாமலே மறைந்து வருகின்றது. இதனையே இம்மாதம் வாசகர்களோடு சிந்திக்க விரும்புகின்றோம்.

"எவ்வளவு சுக்குப் போடணும், ஆயா?" என்று பேத்தி கேட்கின்றாள். "என் கைக்குத் தெரியும், கண்ணு" என்று விடை வருகின்றது. அந்தக் கைக்குத் தெரியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கை ஓய்ந்தபின் யாருக்குத் தெரியும்? பேத்தியோ படிப்பிற்காகவும் பிழைப்பிற்காகவும் கீழ்நாட்டிற்குச் சென்றுவிடுகின்றாள். அருகில் நின்று பார்த்துக் கற்ற காலம் போய்விட்டது. ஆதலின் எழுதி வைத்தாலன்றி இவ்வறிவு நிலைக்காது.

எழுதி வைத்த ஓர் அன்னை

இவ்வுண்மையைத் தமிழகத்தில் நன்குணர்ந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1905-இல் பிறந்த இவர் இளமையிலேயே கணவரை இழந்து, சிறு மகனோடு வாழ்க்கையை எதிர்கொண்டவர். சமையற் குறிப்புக் கேட்டு உறவினர் பலர் கடிதம் எழுத, விடை எழுதி எழுதி, ஈற்றில் அதனை நூலாகவே ஆக்கினார். 1951-இல் வெளிவந்த 'சமைத்துப் பார்' என்னும் அந்நூல், அடுத்தடுத்த பாகங்களாக வளர்ந்து, ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. 1962-இல் அவர் மறைந்தார். நூலோ இன்றும் விற்பனையாகின்றது. மணமாகி அயலூர் சென்ற பெண்களுக்கு அது தாயின் இடத்தில் நின்றது எனலாம்.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? ரசப்பொடிக்கு மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு, எதை முதலில் வறுப்பது என்பனவற்றை அளவோடு அவர் எழுதினார். 'கைக்குத் தெரியும்' என்பதைப் பிறர் கைக்கும் தெரியுமாறு செய்தார். வீட்டுக்குள் அடங்கியிருந்த அறிவைப் பொதுச் சொத்தாக்கிய இச்செயலைப் பிறரன்புப் பணி என்று சொல்வதில் தவறில்லை.

மடத்திலிருந்து ஒரு குரல்

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இத்தகைய அன்னையர் உண்டு. ஜெர்மனி நாட்டில் 1098 முதல் 1179 வரை வாழ்ந்த புனித ஹில்டெகார்டு, புனித ஆசீர்வாதப்பர் ஒழுங்கைப் பின்பற்றிய கன்னியர் மடத்தின் தலைவியாவார். செடி கொடிகளைப் பற்றியும் அவற்றின் குணங்களைப் பற்றியும் அவர் விரிவாக எழுதியுள்ளார். அக்குறிப்புகளில் நம் நாட்டு இஞ்சியும் மிளகும் இடம் பெற்றிருப்பது வியப்பன்றோ! மிளகைப் பெருமளவில் உண்டால் தீங்கு விளையும் என்றும், இஞ்சி எல்லார் உடலுக்கும் ஒவ்வாது என்றும் அவர் எச்சரிக்கின்றார். அவருடைய மருத்துவக் கருத்துகள் அனைத்தையும் இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆயினும் பொருளின் நன்மையைக் கூறுமிடத்திலேயே அதன் எல்லையையும் கூறிய நேர்மை போற்றத்தக்கது. 2012-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

நம் முன்னோரும் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்றனர். நல்லாதனார் தம் அறநூலுக்கு அப்பெயரையே சூட்டி, பாடல்தோறும் மும்மூன்று கருத்துகளை வைத்தார். உடல் நோய்க்கு மருந்து போல உள்ள நோய்க்கு அறம் என்பதே அதன் உட்பொருள்.

மருந்தின் எல்லை

சித்த மருத்துவத்தின் நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்குகள் உள்ளன. கபசுரக் குடிநீரில் 15. முன்னது டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளிலும், பின்னது 2020-இல் கொரோனாத் தொற்றின்போதும் தமிழகமெங்கும் வழங்கப்பட்டன. அவற்றிற்கு எழுதப்பட்ட செய்முறை உண்டு. இன்றோ யாரோ கைப்பேசியில் அனுப்பிய செய்தியை நம்பி, கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் காய்ச்சிக் குழந்தைக்கும் புகட்டுகின்றனர். இங்கேதான் ஆபத்து தொடங்குகின்றது.

தாய்மார்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. கருவுற்ற பெண்கள் ஆடாதோடைக் கசாயத்தைத் தவிர்க்க வேண்டும். அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும். எந்தப் பானத்தையும் கொதிக்கக் கொதிக்கப் பருகுதல் நன்றன்று; 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2016-இல் அறிவித்துள்ளது. காய்ச்சல் இரண்டு நாள்களில் தணியாவிடினும், மூச்சுத் திணறல் காணினும் கசாயச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த இரண்டு நாளும் காத்திருத்தல் கூடாது. மலைப்பாதையில் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஓர் உயிரின் விலையாகலாம்.

முடவாட்டுக்கால் கிழங்கைப் பற்றியும் ஒரு சொல். பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் இது, ஒருவகைப் பெரணியின் தண்டு. மேல்தோலைச் சீவி, மிளகு, சீரகம், பூண்டோடு தட்டிக் காய்ச்சிய சாறு சுவையானது. ஆனால் விற்பனைக்காக முழுவதையும் பெயர்த்தெடுத்தால் அந்தப் பாறை மீண்டும் பசுமை காணாது. ஒரு பகுதியை விட்டு எடுப்பவரே நாளைக்கும் எடுப்பர். அளவு என்பது அடுப்பிற்கு மட்டுமன்று, காட்டிற்கும் உரியது.

வீட்டிற்கொரு குறிப்பேடு

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பேடு தொடங்குக. மூதாட்டி சொல்ல, பள்ளி செல்லும் பிள்ளை எழுதட்டும். இலையின் பெயர், அது வளரும் இடம், பறிக்கும் காலம், அளவு, செய்முறை, யாருக்கு ஆகாது என்னும் ஆறும் அதில் இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாகச் சுக்குக் காப்பியை நால்வருக்கு இவ்வாறு எழுதலாம்: நீர் 4 குவளை, தோல் சீவிப் பொடித்த சுக்கு 1 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த மல்லி 2 தேக்கரண்டி, தட்டிய மிளகு 8, ஏலக்காய் 2, பனைவெல்லம் தேவைக்கேற்ப. ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டி, சற்று ஆறியபின் பருகுக. நீரிழிவு உள்ளோர் வெல்லத்தை விலக்குக.

நிலத்திலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தில் உரைக்கின்றது. அதே அதிகாரம் மருத்துவருக்குரிய இடத்தை அளிக்கவும் பணிக்கின்றது. இரண்டையும் சேர்த்துப் பற்றிக்கொள்வதே விசுவாசியின் விவேகம். அன்னையரே, உங்கள் மாமியாரும் தாயும் நலமாய் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து எழுதுங்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் விட்டுச்செல்லும் நகை நிலங்களோடு அக்குறிப்பேடும் ஓர் ஆசியாக நிலைக்கும்.