எடிங்டன் கேட்டதும் கேளாததும்

லாகூரில் 1910-இல் பிறந்த விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர், வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. தந்தையார் வடமேற்கு ரயில்வேயின் கணக்குத் துறை அதிகாரி. (ரயில்வே குமாஸ்தாவான அடியேனுக்கு இதில் சற்றுப் பெருமை உண்டு!)

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி ‘வெண்குள்ளன்’ ஆகிறது. எஞ்சிய நிறை சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்படின் அது அந்நிலையில் நில்லாது, மேலும் சுருங்கும் என்று கணித்தார் அவர்.

அந்நாளில் வான சாஸ்திரத்தில் எடிங்டன் வாக்கே வேதவாக்கு. கேம்பிரிட்ஜில் அவர் இளைஞரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்கின் போக்கைக் கேட்டறிந்தவர்தாம். ஆயினும் 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியற் கழகத்தில் சந்திரசேகர் பேசி அமர்ந்ததும் எழுந்தார்; இயற்கை இத்தகைய அபத்தத்துக்கு இடந்தராது என்று பரிகசித்தார். சபை நகைத்தது. கணக்கில் பிழை எங்கே என்ற கேள்வி அந்நகைப்பில் அமுங்கிற்று.

மறுத்தது குற்றமன்று. முடிவு பிடிக்காததையே வழி பிழைத்ததற்குச் சான்றாகக் கொண்டாரே, அதுதான் கேளாமை. நம் சங்கக் கூட்டங்களில் இளைஞன் ஒருவன் புதியதொரு யோசனையுடன் எழுந்தால், அவன் முடிக்குமுன் நாம் எதைத் தேடுகிறோம்? அவன் கூறும் காரணத்தையா, நமது பதிலையா?

பெரும் பௌதிக அறிஞர் சிலர் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று தனிமையில் ஒப்பினர். சபையில் வாய் திறக்கவில்லை. அவர் 1937-இல் அமெரிக்கா சென்றார். நோபல் பரிசு 1983-இல் வந்தது. எடிங்டன் 1944-இலேயே காலமானார்; அவரைப் பெரிதும் போற்றி நினைவுரை ஆற்றியவர்களுள் சந்திரசேகரும் ஒருவர்.