தலையணைக்குள் இருக்கும் தூசிப்பூச்சி



போடிப் பக்கம் நம் குழு ஒன்றின் கடன் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே உறுப்பினர் பெயரில் ஒரு வருடத்துக்குள் மூன்று உள்கடன். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், "மகன் வைத்தியச் செலவு". கூட்டம் முடிந்ததும் "பையனுக்கு என்னக்கா?" என்று கேட்டேன்.

"இழுப்பு மேடம். பகலெல்லாம் நல்லா ஓடியாடி விளையாடுறான். ராத்திரி படுத்தா மூச்சு வாங்குது. விடிஞ்சா தும்மல் நிக்க மாட்டேங்குது. தூசி ஒத்துக்கலைனு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நான் வீட்டைச் சுத்தமா வைக்கலைனு மாமியார் பேசுறாங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தரை பளிச்சென்று இருந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆனால் பையன் தலை வைத்துப் படுப்பது அவருடைய கல்யாணத்துக்கு வாங்கிய இலவம் பஞ்சுத் தலையணை. பன்னிரண்டு வருடத் தலையணை! மேலுறையை மட்டும் துவைத்துப் போடுவாராம்.

அந்தத் தலையணையில்தான் விஷயம் இருக்கிறது. படுக்கைத் தூசியில் தூசிப்பூச்சி என்று ஒன்று வாழ்கிறது. மூட்டைப்பூச்சி வேறு, இது வேறு. மூட்டைப்பூச்சி கடித்து ரத்தம் குடிக்கும், கண்ணுக்குத் தெரியும். இது கடிக்காது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, வெறும் கண்ணால் பார்க்க முடியாது. எட்டுக் கால், உண்ணிக்கும் சிலந்திக்கும் சொந்தம். சொறி சிரங்கு வருவதும் ஒரு நுண்ணிய பூச்சியால்தான், ஆனால் அது தோலுக்குள் குடியிருக்கும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும். தூசிப்பூச்சி நம் உடம்பில் தங்காது.

இதற்குச் சாப்பாடு, நம் உடம்பிலிருந்து தினமும் உதிர்கிற தோல் துகள். தண்ணீர் குடிக்காது, காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். யோசித்துப் பாருங்கள், நாம் படுக்கும் இடத்தில் தோலும் உதிர்கிறது, வியர்வை ஈரமும் இருக்கிறது. அதனால்தான் தலையணையும் மெத்தையும் அதற்குப் பிடித்த இடம். ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் துணி காயாமல் கிடக்கும்போது இன்னும் பெருகும்.

இழுப்பைக் கிளப்புவது முக்கியமாக அதன் கழிவு. காய்ந்து பொடியாகி, தலையணையில் தலையைத் திருப்பும்போதெல்லாம் கிளம்பி மூக்குக்குள் போகிறது. ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருந்தால் தும்மல், கண் அரிப்பு, மூக்கொழுகல், இழுப்பு. 1960-களில்தான் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வீட்டுத் தூசியில் இருக்கும் இந்தப் பூச்சிதான் காரணம் என்று எடுத்துச் சொன்னார்கள். அதுவரை டாக்டர்களும் பொதுவாகத் "தூசி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தினமும் பெருக்கித் துடைக்கிற வீட்டிலும் இந்தப் பூச்சி இருக்கும். எனவே மருமகளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. இதை அந்த மாமியாரிடமும் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சரி, என்ன செய்யலாம்? வீடு முழுக்க ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இழுப்பு உள்ளவர் படுக்கும் இடத்தில் ஆரம்பித்தால் போதும்.

உறை, விரிப்பு, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவையுங்கள். 60 டிகிரி சூடு இருந்தால்தான் பூச்சி சாகும், அதாவது கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு. அண்டாவில் துணியைப் போட்டு, நன்றாகக் காய்ந்த தண்ணீரை ஊற்றி, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கசக்கலாம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு என்றால் அந்தப் பிள்ளையின் துணியை மட்டுமாவது செய்யுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் பூச்சி அதிகம் சாகாது, ஆனாலும் கழிவு நிறையப் போய்விடும். அதுவும் லாபம்தான்.

தலையணை, மெத்தையை நல்ல வெயிலில் காலையிலிருந்து மூன்று மணி வரை, இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக் காய வையுங்கள். சூட்டிலும் வறட்சியிலும் பூச்சி சாகும். செத்தாலும் கழிவு உள்ளேயே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் வெளியில் வைத்தே தட்டுங்கள், இழுப்பு உள்ளவர் தட்ட வேண்டாம். பத்து வருடப் பஞ்சை வெயிலில் போட்டுப் போட்டு எடுப்பதைவிட, மாற்றிவிடுவது நல்லது. புதிய தலையணைக்கு ரெக்சின் போன்ற கெட்டித் துணியில் முழுதாக மூடித் தைத்து, அதன்மேல் பருத்தி உறை போடலாம். நம் குழுக்களில் தையல் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கொடுங்கள். தளர்வான பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், சின்னக் குழந்தை முகத்தில் மூடிக்கொண்டால் ஆபத்து. உரச்சாக்கும் கூடாது.

கோரைப்பாய் இதில் மெத்தையைவிட மேல். உள்ளே பஞ்சு இல்லை, ஈரத்துணியால் துடைத்து வெயிலில் போட்டால் முடிந்தது. மெத்தை வாங்கக் கடன் கேட்டு வருபவர்கள் என்னைத் திட்டலாம், பரவாயில்லை!

பெருக்கும்போது லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், பிள்ளையை வெளியே அனுப்புங்கள். எறும்புப் பொடி, பூச்சி மருந்து எதையும் படுக்கையில் தூவாதீர்கள், பஞ்சுக்குள் இருக்கும் பூச்சியை அது எட்டாது, பிள்ளைதான் அதை மூச்சில் இழுக்கும். சாம்பிராணி, கொசுவர்த்திப் புகையும் இழுப்பைக் கிளப்பும். போகிக்குப் பழைய பாய் தலையணையை வாசலில் கொளுத்துவதும் அப்படியே.

இதையெல்லாம் செய்தால் இழுப்பு அடியோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. மருந்தும் வேண்டும். "வாயில வச்சு உறிஞ்சுற மருந்து பழகிப் போயிடும்" என்று பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அது போதை மாதிரிப் பழகும் மருந்து இல்லை. கொஞ்ச அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. நன்றாக இருக்கும் நாளிலும் அடிக்கச் சொல்லியிருந்தால் அடிக்க வேண்டும், பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எல்லா இருமலும் தூசியால் வருவதும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள்.

மூச்சுத் திணறி ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. ராத்திரி எந்நேரமானாலும் 108-க்குப் போன் செய்யுங்கள்.

அந்தப் பையனுக்குச் சாரல் அடித்தால் இப்போதும் தும்மல் வருகிறது. மருந்தை ஒழுங்காக அடிக்கிறான், பாயில் படுக்கிறான். தலையணைக்குப் புது உறையை அவன் பாட்டிதான் தைத்துக் கொடுத்தாராம். நான்கு மாதமாக ராத்திரியில் ஆட்டோ பிடிக்க வேண்டி வரவில்லை. மூன்றாவது கடனில் இன்னும் இரண்டு தவணை பாக்கி இருக்கிறது.