ஆபரேஷனும் ஒரு வாய்க் காப்பியும்

காரைக்குடியில் காப்பி இல்லாமல் எந்த வீட்டிலாவது பொழுது விடியுமா? ஆபரேஷனுக்குப் புறப்படும் ஆச்சிக்கும் அப்படித்தான். "சாப்பாடுதானே கூடாதென்றார்கள்? ஒரு வாய்க் காப்பியில் என்ன வந்துவிடப் போகிறது?" என்பார். மருமகளுக்கு மனசு கேட்காது, கொடுத்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஆச்சி, காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், இருவரும் ஒரே குரலில், "ஒன்றுமே இல்லை!" என்பார்கள்.

அந்தப் பொய் ஆபத்தானது, சகோதரிகளே!

மயக்கம் வேறு, தூக்கம் வேறு. தூங்குகிறவர் தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தவறி இறங்கினால், இருமிக்கொண்டு எழுந்துவிடுவார். மயக்க மருந்து அந்த இருமலையும் அடக்கிவிடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும். பால் கலந்த காப்பி இட்டிலியோடு சேர்த்தி. 6 மணி நேரம் வேண்டும். சீயம், கந்தரப்பம் என்று எண்ணெய்ப் பலகாரமானால் 8 மணி நேரம்!

மயக்கம் கொடுப்பதும் ஒரே மருந்தின் வேலையல்ல. பால் போல் வெளுத்த புரோபோபால் ஊசி, இரத்தக் குழாயில் ஏறியதும் ஒரு நிமிஷத்துக்குள் நினைவைப் போக்கிவிடும். இரத்த அழுத்தத்தையும் அது இறக்கும். ஆகையால் வயதானவர்களுக்கு அளவைக் குறைத்து, மெதுவாகக் கொடுப்பார்கள். வலியை அடக்குவது பென்டனில். தசைகளைத் தளர்த்த இன்னொரு மருந்து. இதன் மூதாதை எது தெரியுமா? தென் அமெரிக்கக் காட்டு வேடர்கள் அம்பு நுனியில் தடவிய குராரே விஷம்! இது மூச்சு விடும் தசைகளையும் செயலற்றதாக்கிவிடுவதால், தொண்டை வழியே குழாய் செலுத்தி இயந்திரத்தால் மூச்சுக் கொடுக்கிறார்கள். ஆபரேஷன் முடியும்வரை மயக்கத்தைக் காத்து நிற்பது, பெரும்பாலும் செவோபுளூரேன் போன்ற ஓர் ஆவி. அதை நிறுத்திய சில நிமிஷங்களில் பலரும் கண் திறந்துவிடுகிறார்கள்.

"திறக்காமலே போய்விட்டால்?" என்ற பயம் பாட்டிமார் காலத்தது. அன்று அதற்குக் காரணமும் இருந்தது. 1847-ல் எடின்பரோவில் டாக்டர் சிம்ப்சன் குளோரோபாரத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் 15 வயதுப் பெண்ணொருத்தி, கால் நகத்தை எடுப்பதற்காக அதை முகர்ந்து உயிரிழந்தாள். நின்றது மூச்சா, இதயமா? நாற்பது வருஷம் வாதம் நடந்தது. கடைசியில் நம் ஐதராபாத்தில், நிஜாம் கொடுத்த பணத்தில், டாக்டர் எட்வர்டு லாரி 1888-லும் 1889-லும் இரண்டு கமிஷன்கள் கூட்டிச் சோதித்தார். "மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்குப் பயமில்லை" என்று தீர்ப்பு வந்தது. அது முழு உண்மையல்ல. குளோரோபாரம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும் என்பதை 1911-ல் லெவி என்பவர் காட்டினார். இன்று குளோரோபாரம் ஆபரேஷன் அறையில் இல்லை.

அந்த லாரியிடம் படித்த ரூபாபாய் பர்தூன்ஜி என்ற பார்ஸி மாது, 1889-ல் பட்டம் பெற்று, மயக்க மருந்து கொடுப்பதையே தம் வேலையாகக் கொண்டார். உலகத்திலேயே இத்துறையில் இறங்கிய முதல் பெண்களில் ஒருவர். பெண் படிப்பதே அதிசயமாக இருந்த நாளில்!

இன்று மயக்க டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை பக்கத்திலேயே இருக்கிறார். விரல் நுனியில் மாட்டிய சின்னக் கருவி இரத்தத்தில் பிராண வாயுவின் அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நகப் பாலிஷ் அதன் கணக்கைக் குழப்பலாம், முன்னாலேயே அழித்துவிடுங்கள். ஆடும் பல், கட்டிய பல், சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது - எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். காப்பி குடித்திருந்தால் அதையும்தான். அவசர ஆபரேஷனாக இல்லாவிட்டால், சில மணி நேரம் தள்ளிப் போடுவார்கள். ஆச்சி கொஞ்சம் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.