கூண்டுக்கிளியும் மயில் முட்டையும்: வளர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

தேனி மாவட்டம் மயிலாடும்பாறைப் பக்கம் சோளக்காட்டிலோ வேலியோரப் புதரிலோ மயில் முட்டை கண்ணில் படுவது புதிதல்ல. "விட்டுட்டு வந்தா நாய் தின்னுரும்" என்று எடுத்துவந்து அடைக்கோழிக்கு வைப்பவர்கள் உண்டு. பொரித்த மயில் குஞ்சு கோழிக்குஞ்சுகளோடு முற்றத்தில் மேயும். பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டில் யாருக்கும் இது தப்பாகத் தோன்றாது. ஆனால் சட்டத்தின் கணக்கில் அங்கே நடந்திருப்பது வேட்டை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, பொறி வைப்பது, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாமே அதில் அடங்கும்.

எதை வளர்க்கவே கூடாது?

மயில், நட்சத்திர ஆமை, தேவாங்கு ஆகியவை சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளன. இவை தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வாஸ்துவுக்கு நல்லது என்று நட்சத்திர ஆமையை விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

பச்சைக்கிளி இரண்டாம் பட்டியலில் வருகிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னையில் வீட்டில் பெரிய பச்சைக்கிளிகள் இரண்டை வளர்த்த நடிகர் ஒருவருக்கு 2023 பிப்ரவரியில் வனத்துறை அபராதம் விதித்தது.

சந்தையில் கிளிக்குஞ்சை வாங்குபவர், அது வந்த வழியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டுப்போன தென்னை மரப் பொந்துக்குள் கைவிட்டு, இறகு முளைக்காத குஞ்சுகளை அள்ளுகிறார்கள். நெருக்கி அடைத்துக் கொண்டுபோகும் வழியிலேயே பல செத்துவிடும். பிழைத்ததன் இறக்கையை வெட்டி விற்கிறார்கள்.

வெளிநாட்டுப் பிராணிகள்

பட்ஜி, காக்கடீல் போன்ற பறவைகளுக்குப் பிரச்சினை இல்லை. மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, இகுவானா, பந்து மலைப்பாம்பு போன்றவை நான்காம் பட்டியலில் உள்ளன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இவற்றை வாங்கிய 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். செல்லப்பிராணிக் கடைக்கு மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவும் அவசியம். பதிவுச் சான்றும் ரசீதும் காட்டாத கடையில் வாங்காதீர்கள்.

காப்பாற்றியவருக்கும் விலக்கு இல்லை

சோளிங்கர் பகுதியில் 2023 டிசம்பரில் நாய்கள் கடித்துக் குதறிய குரங்குக்குட்டி ஒன்றைக் கால்நடை மருத்துவர் ஒருவர் பத்து மாதம் பராமரித்துப் பிழைக்கவைத்தார். பிறகு அது வண்டலூர் பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டது. குட்டியைத் தம்மிடமே தரவேண்டும் என்று அவர் கேட்டபோது, 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. உயிர் கொடுத்த மருத்துவருக்கே இதுதான் நிலை. காட்டுயிர் மீது அன்பு வைக்கலாம். உரிமை கொண்டாட முடியாது.

சட்டம் ஒருபுறம் இருக்க, குரங்கு கடித்தால் வெறிநோய் வரலாம். கிளியின் எச்சத்தூசியால் நுரையீரல் தொற்று வரலாம். கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

48 மணி நேரம்

அடிபட்ட குட்டியோ கூட்டிலிருந்து விழுந்த குஞ்சோ கைக்கு வந்துவிட்டால் பதற வேண்டாம். காட்டு விலங்கு அரசின் சொத்து என்கிறது சட்டத்தின் 39-ஆவது பிரிவு. எந்த வழியில் கிடைத்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்துவிட வேண்டும். மேகமலையும் வருசநாட்டு மலையும் 2021-இல் புலிகள் காப்பகமான பிறகு, வனத்துறையின் கண்காணிப்பு நம் ஊர்களுக்கு இன்னும் நெருங்கி வந்திருக்கிறது. கண்டமனூர், வருசநாடு வனச்சரக அலுவலகங்களையோ மயிலாடும்பாறை காவல் நிலையத்தையோ அணுகலாம். ஒப்படைக்கும்போது நாள், நேரம், கிடைத்த இடம் குறித்த எழுத்துப்பூர்வ ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் காப்பாற்றியவர் என்பதற்கு அதுவே சான்று.

ஏற்கெனவே வளர்த்து வருகிறீர்களா? இரவோடு இரவாக மலையடிவாரத்தில் விட்டுவிடாதீர்கள். இறக்கை வெட்டிய கிளிக்கு இரை தேடவும் தெரியாது, தப்பிப் பறக்கவும் முடியாது. நீங்களாகவே வனச்சரகரிடம் போய்ச் சொல்லுங்கள். தாமாக ஒப்படைப்பவருக்கு மன்னிப்பு உறுதி என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் சோதனையில் பிடிபடுவதைவிட அது எவ்வளவோ மேல். வழக்கு என்று வந்துவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். பெண்கள், பளியர் உள்ளிட்ட பழங்குடியினர், பட்டியல் சாதியினர், வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.

அடுத்த முறை காட்டில் மயில் முட்டையைப் பார்த்தால், தொடாமல் தள்ளி நில்லுங்கள். இரை தேடப் போன தாய்மயில் திரும்பி வரும். குஞ்சை வளர்க்க அதற்குத் தெரியும்.