திருப்பிப் பார்க்காததால் போன 1,200 ரூபாய்! - பழைய போஸ்ட் கார்டு வேட்டையில் நான் பட்ட பாடு

பழைய மெட்ராஸ் படம் போட்ட போஸ்ட் கார்டு என்றால் எனக்கு உயிர். பழம்பொருள் விற்பனை, நாணயக் கண்காட்சி என்று எங்கே நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் நிற்பேன். இரண்டு வருட வேட்டையில் கையில் சேர்ந்தது கொஞ்சம். மனசில் சேர்ந்த வருத்தம் அதிகம். அதில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

கட்டடத்துக்கு முன்பே பிறந்த கார்டு

ரிப்பன் மாளிகை படம். ஓரமெல்லாம் பழுப்பேறி, பார்க்கவே அழகாக இருந்தது. "1900-ம் வருஷத்துக் கார்டும்மா, இதோட கிடைக்காது" என்றார் கடைக்காரர். பேரம்கூடப் பேசாமல் 1,200 ரூபாய் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் இருந்த பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, 1913-ல திறந்த கட்டடத்தை 1900-லயே எப்படிம்மா படம் புடிச்சாங்க?"

கள்ளநோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சை அடித்தார். கார்டு நீலவெள்ளையாக மின்னியது. காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் கலப்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானதாம். அந்தக் காலக் கார்டு இப்படி மின்னாது.

பின்பக்கத்தையும் காட்டினார். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். சேதி எழுத வேண்டுமென்றால் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும். நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி சேதிக்கு, மறுபாதி முகவரிக்கு என்று முதலில் அனுமதித்தது பிரிட்டன், 1902-ல். என் '1900' கார்டில் பளிச்சென்று நடுக்கோடு! திருப்பிப் பார்த்திருந்தாலே பணம் மிஞ்சியிருக்கும்.

பாதுகாப்பு என்று நினைத்து...

அடுத்தது நிஜமாகவே பழைய மெரினா கார்டு, 600 ரூபாய். கிழிந்துவிடுமே என்று லேமினேஷன் போட்டேன். அதே பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "சூட்டுல பசை காகிதத்தோட ஒட்டிக்கிச்சும்மா. இனி பிரிக்க முடியாது" என்றார். வெளிச்சம் படாத அலமாரியில் அமிலமில்லாத உறையில் போட்டு வைத்திருந்தால் போதுமாம்.

150 ரூபாய்க்கு வேண்டாம் என்றது

மூன்றாவதுதான் இன்றும் உறுத்துகிறது. ரங்கூன் பகோடா படம். மூலை மடங்கி, எண்ணெய்க் கறை வேறு. 150 ரூபாய் சொன்னார்கள். பின்னால் பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்து: 'பணம் அடுத்த மாதம் வரும். சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டாம்.' படித்தேன். ஆனாலும், 'நம்ம மெட்ராஸ் இல்லையே, கறை வேற' என்று வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது பாட்டியிடம் சொன்னேன். சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

"எங்கப்பாவும் ரங்கூன்ல இருந்து அப்படித்தான் எழுதுவாரு. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்துச்சு. வீடு மாத்துறப்போ பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டோம். இப்ப அவர் கையெழுத்து எப்படி இருக்கும்னுகூட ஞாபகம் இல்லடி."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். அந்தக் கார்டு விற்றுப்போயிருந்தது. யார் எழுதியதோ, எந்தச் சின்னவளோ... பாட்டியின் கையில் கொடுத்திருக்கலாம்.

பெரியவர் சொன்ன மூன்றையும் இப்போது தவறாமல் செய்கிறேன். கட்டடம் எழுந்த வருடத்தைத் தெரிந்துகொள்வேன். டார்ச் அடிப்பேன். லேமினேஷன் கடைப் பக்கமே போகமாட்டேன். நாலாவது, பாட்டி கற்றுக்கொடுத்தது: படத்துக்கு முன்னால் பின்பக்கத்தைப் படிப்பேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கலாம். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன், ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்!