சொக்லேட்டை விட்டால் ஆருக்கு லாபம்?

விபூதிப் புதன் வந்தால், ஸ்காபரோவில் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஒரே கேள்வியோடுதான் வீட்டுக்கு வருவார்கள்: "இந்த வருசம் நீங்கள் எதை விடப்போறீங்கள்?" சொக்லேட், யூடியூப், ரொப்லொக்ஸ் என்று பட்டியல் நீளும். எங்கட வீட்டில் மகள் போன வருசம் சொக்லேட்டை விட்டாள். கையில் கிடைத்ததெல்லாம் ஒரு டப்பாவில் சேர்ந்தது. உயிர்ப்பு ஞாயிறு மத்தியானத்துக்குள் டப்பா காலி. பிறகு கேட்டாள்: "அப்பா, நான் விட்டதால ஆருக்கு என்ன கிடைச்சது?"

ஒன்பது வயதுப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்வி திருச்சபையில் மிகப் பழையது. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பர்' என்ற நூல் நோன்புக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறது. நோன்பு நாளில் சாப்பிடாமல் விட்ட உணவுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பார்த்து, அந்தக் காசைக் கைம்பெண்ணுக்கோ, அநாதைக்கோ, இல்லாதவருக்கோ கொடுக்க வேணும். செபம், நோன்பு, தருமம் மூன்றும் ஒன்றாகவே வந்தவை. சைவ வீட்டில் வளர்ந்த என் மனைவிக்கு இது புதிதாகத் தெரியவில்லை. "விரதமும் அன்னதானமும் மாதிரித்தானே?" என்றாள்.

சட்டமாகப் பார்த்தால் தவக்காலம் கடினமானதும் இல்லை. விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள்தான் கட்டாய நோன்பு. அதுவும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. வெள்ளிக்கிழமைகளில் 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் இறைச்சி தவிர்க்க வேணும். இறைச்சிக்குப் பதிலாக இறால் குழம்பும் மீன் பொரியலும் வைத்தால் அது எந்த வகை ஒறுத்தல் என்று நீங்களே சொல்லுங்கள்! பலருக்குத் தெரியாத இன்னொரு விசயம்: பெரிய வெள்ளி தவிர்ந்த வெள்ளிக்கிழமைகளில், இறைச்சி தவிர்ப்பதற்குப் பதிலாக ஒரு அன்புச் செயலையோ பக்தி முயற்சியையோ செய்யலாம் என்று கனடா ஆயர்கள் அனுமதித்திருக்கிறார்கள். பிள்ளைகளை வளர்க்கிற எங்களுக்கு இது ஒரு நல்ல வாசல்.

அன்புச் செயலுக்குத் தூரம் போகத் தேவையில்லை. டெய்லி பிரெட் உணவு வங்கியின் 2024 அறிக்கைப்படி, ஒரு வருடத்தில் ரொறன்ரோ உணவு வங்கிகளுக்கு ஆட்கள் வந்த தடவைகள் சுமார் 34.9 இலட்சம். அந்த உணவு வங்கி தொடங்கியது 1983இல். அந்த வருசத்து ஆடிக் கலவரம்தான் எங்கட பெற்றோரில் பலரை இங்கே கொண்டுவந்தது. 1986 ஆவணியில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் காப்பாற்றிக் கரைசேர்த்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள். நாங்கள் இந்த நாட்டுக்குள் வந்ததே வாங்குகிற கையோடுதான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. இதைத் தெரிந்த பிள்ளை உணவு வங்கி வரிசையைப் பார்க்கிற பார்வையே வேறு.

ஆனால் எங்கட சனத்துக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் பெயர் மானம். "நாங்கள் ஆரிட்டையும் வாங்கிப் பழக்கமில்லை" என்று சொல்லுகிற வயதானவர்கள் ஸ்காபரோ பேஸ்மென்ட்டுகளிலும் அடுக்குமாடிகளிலும் நிறையப் பேர். 2023 ஆடியில் ரயில் தடம்புரண்டு ஸ்காபரோ ஆர்டி மூடப்பட்டபிறகு, பனிக்குள் பஸ்ஸுக்கு நின்று கோயிலுக்கோ டொக்டரிடமோ போவதும் அவர்களுக்குப் பெரும்பாடு. அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அரிசி இல்லை. காரில் ஒரு சவாரி, வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஒரு ஆள், இருந்து கதைக்க அரை மணித்தியாலம்.

எங்கட கட்டடத்தில் தனியாக இருக்கிற ஒரு அம்மம்மாவிடம் வெள்ளிக்கிழமைகளில் மகளோடு கஞ்சி கொண்டுபோகத் தொடங்கினோம். முதல் தரம் வாசலிலேயே, "வேண்டாம் ராசா, நான் சமைச்சிட்டன்" என்று கதவைச் சாத்தப் பார்த்தா. அடுத்த கிழமை மகள், "அம்மம்மா, எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியேல்ல, சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள். கதவு திறந்தது. கஞ்சியும் உள்ளே போனது. இப்ப ஆர் ஆருக்குச் சேவை செய்கிறோம் என்று எனக்கே தெரியாது. கொடுக்கிறவர் தானும் எதையாவது வாங்கத் தயாரானால்தான், வாங்குகிறவரின் தலை நிமிரும்.

வீட்டில் தொடங்க நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள்:

விட்டதைக் காசாக்குங்கள். வெளிச்சாப்பாட்டையோ ரிம் ஹோர்ட்டன்ஸையோ விட்டால், மிச்சமான காசைப் பிள்ளையின் கையாலேயே உண்டியலில் போடச் சொல்லுங்கள். பங்கில் எடுக்கிற ஷேர்லைஃப் சேகரிப்பு 1976 முதல் ரொறன்ரோ மறைமாவட்டத்தில் நடக்கிறது. அது எங்கே போகிறது என்று பிள்ளையோடு சேர்ந்து தேடிப் பாருங்கள்.

உணவு வங்கிக்குக் கொடுப்பதை, வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்குகிற வேலையாக்க வேண்டாம். திகதி முடிந்த டின்னைக் கொடுப்பது தருமமில்லை. நீங்கள் சாப்பிடுகிற பருப்பு, அரிசி, டின்மீன், கடலையையே வாங்கிக் கொடுங்கள். அங்கே வேலை செய்யப் போவதென்றால், பிள்ளைகளுக்கான வயது வரம்பை முதலே கேட்டு வையுங்கள்.

படம் எடுக்க வேண்டாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற போதனை வாட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும்.

ஒன்ராரியோவில் ஹைஸ்கூல் முடிக்க 40 மணித்தியாலச் சமூக சேவை கட்டாயம். பல வீடுகளில் சேவை என்றால் அந்தக் கையெழுத்துத் தாள் மட்டும்தான். தாள் நிரம்பியதும் சேவையும் முடிந்துவிடும். கையெழுத்துப் போட ஆளில்லாத ஒரு வேலையை, அந்த வயது வருமுன்பே பிள்ளை செய்து பழகட்டும்.

2026இல் விபூதிப் புதன் பெப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. ரமழானும் அதே கிழமையில் தொடங்குவதால், பக்கத்து வீட்டிலும் நோன்பு இருக்கும். பெரிய வெள்ளியோடு சேர்த்து இடையில் வருவது ஏழு வெள்ளிக்கிழமைகள். ஏழு வீட்டுக்குப் போக ஏலாது என்றால், ஒரு வீட்டுக்கு ஏழு தரம் போங்கள். எட்டாவது வெள்ளிக்கிழமை அவர்கள் உங்களைத் தேடுவார்கள். அதற்குப் பிறகு தவக்காலம் முடிந்துவிட்டது என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள்!